அரை மெழுகுவர்த்தி எரியும் நேரம்

5 பிப்ரவரி 2018, திங்கட்கிழமை
காலை 9.40

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீயும் உன் கணவரும் நலமென நம்புகிறேன். நான் உனக்குக் கடைசியாக எழுதியது 2011 ஆகஸ்ட் 22ஆம் தேதி. அதற்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கவும் கூடும் என்பதால் அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். தொலைபேசியில் என் குரலைக் கேட்க விரும்பவில்லை என்று நீ சொல்லியிருப்பதால் இம்முறையும் எழுதவே செய்கிறேன்.

பதிவுத் தபாலில் ஒரு பெட்டி வரும். அதில் நான் செய்த கருவி ஒன்று இருக்கிறது. நேர அணைப்பான் என்று பெயர் வைத்திருக்கிறேன். பித்தளை வளையத்தை மெழுகுவர்த்தியின் நடுவில் மாட்டித் திருகை இறுக்க வேண்டும். மிக இறுக்கினால் மெழுகு விண்டுவிடும். பிறகு கீழே உள்ள குமிழைத் திருப்பி எத்தனை நிமிடம் என்று வைக்க வேண்டும். அதிகபட்சம் அறுபது. நேரம் முடிந்ததும் கொக்கி விடுபட்டு, சிறு மூடி ஒன்று சுடரின் மேல் கவிழ்ந்துவிடும். ஊதவேண்டியதில்லை. பொறி பறக்காது, மெழுகு தெறிக்காது. வீட்டில் இருப்பவர் உறங்கிவிட்டாலும், வெளியே போய்விட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். நாற்பத்தொரு முறை சோதித்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. தண்ணீர் மீட்டர் சோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் செய்த கருவிகளில் குற்றம் கண்டுபிடித்தவன், தன் கருவியில் குற்றம் இருக்கும்படி விடமாட்டான் என்று நீ நம்பலாம்.

உங்கள் பகுதியில் மின்வெட்டு கூடியிருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். பெட்டியை அனுப்ப அது ஒரு காரணம். மற்றதையும் சொல்லாமல் விட்டால் இது எதற்கென்று உனக்குப் புரியாது. 2006 நவம்பர் 9, வியாழக்கிழமைக்குப் பிறகு இன்றோடு பதினொரு ஆண்டு, இரண்டு மாதம், இருபத்தேழு நாள் ஆகிறது. அன்று மாலை நம் வீட்டு முன்னறையில் எரிந்த மெழுகுவர்த்திக்கு இப்படி ஒன்று மாட்டியிருந்தால் உன் அம்மா இன்று இருந்திருப்பாள்.

கருவி வந்து சேர்ந்ததற்கு ஒரு வரி எழுதவும்.

அப்பா


பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அப்பாவுக்கு,

பெட்டி வந்தது. தபால்காரர் வண்டியிலிருந்து இறக்கும்போது குமிழ் திரும்பிவிட்டது போலிருக்கிறது. கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே டிக் டிக் என்று சத்தம். இவர் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "உங்கப்பா பதினோரு வருஷம் யோசிச்சு ஒரு குண்டு அனுப்பியிருக்கார், வா வந்து கையெழுத்துப் போடு" என்றார். அவருக்கு எதிலும் விளையாட்டு. பிரித்துப் பார்த்த பிறகு, குண்டாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அணைக்காமல் போன பெண்ணுக்கு அணைக்கிற கருவி. நன்றாகத்தான் யோசித்திருக்கிறீர்கள். "வெளியே போய்விட்டாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை எத்தனை முறை சோதித்தீர்கள்?

அம்மாவை எடுத்த அன்று சித்தி உங்களிடம், "எப்படி அத்தான் ஆச்சு?" என்று கேட்டாள். நீங்கள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "பொண்ணு ஏத்தி வெச்சுட்டு வெளியில போயிட்டா." அதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சித்தி இன்றுவரை என்னைத் தன் வீட்டு வாசலில் ஏற்றவில்லை.

நான் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவை மேற்பார்வை பார்க்கிறேன். பதினெட்டுப் பேர். ஒரு அடுக்கில் கத்தி சற்று நகர்ந்தால் இருநூறு சட்டை வீணாகும். அங்கே என் கை தவறியதில்லை. கடையில் மெழுகுவர்த்திப் பாக்கெட்டைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதை வாங்குவதே இல்லை. கரண்ட் போனால் டார்ச், அதுவும் தீர்ந்தால் இருட்டு. அன்று நான் அம்மாவிடம் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு இவரைப் பார்க்கப் போனேன். ஜுரத்தில் படுத்திருந்தவளிடம் சொன்ன கடைசிச் சொல் அந்தப் பொய். அதற்கு ஒரு கருவி செய்ய முடியுமானால் செய்யுங்கள்.

உங்கள் பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. திருப்பி அனுப்பக்கூட அதைத் தொட மனமில்லை.


20 பிப்ரவரி 2018, செவ்வாய்க்கிழமை
முற்பகல் 11.15

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. முத்திரையைக் கொண்டு 12ஆம் தேதி தபாலில் சேர்ந்ததென்று ஊகித்தேன். அப்படியானால் நீ எழுதிய ஞாயிறு 11ஆம் தேதி. இனி எழுதினால் தேதியிடவும்.

உன்னைக் குத்திக்காட்டுவதற்காக நான் அதைச் செய்யவில்லை. இதை எந்தச் சொல்லால் எழுதினால் நீ நம்புவாய் என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்தேன். கருவியைச் செய்யத் தொடங்கியது 2014 டிசம்பரில். முதலில் செய்தது கனம் அதிகமாகி மெழுகுவர்த்தியோடு சாய்ந்தது. இரண்டாவதில் மூடி ஒரு பக்கமாக விழுந்து சுடர் தப்பித்துக்கொண்டது. பக்கத்து அறையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டிரைவர், "என்ன சார், மெழுகுவர்த்திக்குத் தொப்பி தைக்கிறீங்களா" என்று தினமும் கேட்பார். நான் திருகை இறுக்கிக்கொண்டிருப்பேன்.

அன்று சித்தியிடம் நான் சொன்ன வாக்கியத்தை நீ எழுதியிருக்கிறாய். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெட்டியின் அடியில், வைக்கோலுக்குக் கீழே, மடித்த தாள் ஒன்று இருக்கும். எந்த அளவு மெழுகுவர்த்தி எவ்வளவு நேரம் எரியும் என்ற அட்டவணை. நீ பார்த்ததாகத் தெரியவில்லை. கருவியைப் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தாளை ஒருமுறை நிதானமாகப் பார். நீ கணக்கில் கெட்டிக்காரி.

அப்பா


மார்ச் 11

அப்பாவுக்கு,

தேதி போட்டிருக்கிறேன். திருப்திதானே.

போன வாரம் இரண்டு நாள் தொடர்ந்து கரண்ட் இல்லை. டார்ச் உயிரை விட்டது. இவர் கண்ணாடிக் கடையிலிருந்து வரும்போது, என்னைக் கேட்காமலே, ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கி வந்துவிட்டார். கண்ணாடி வெட்டித் தழும்பேறிய கையால் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, உங்கள் கருவியை மாட்டி, இருபது நிமிடம் வைத்தார். "நீ பாக்க வேண்டாம். திரும்பி உக்காந்துக்கோ. அணைஞ்சதும் சொல்றேன்" என்றார். நான் திரும்பவில்லை. இருபது நிமிடமும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நேரம் முடிந்ததும் தாழ்ப்பாள் விழுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். அணைந்துவிட்டது. இத்தனை சுலபமா என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அட்டவணையை எடுத்துப் படித்தேன். வீட்டு உபயோக மெழுகுவர்த்தி, முழு நீளம், 2 மணி 24 நிமிடம். அதே மெழுகுவர்த்தி, பாதியாக வெட்டியது, 1 மணி 12 நிமிடம். அந்த இரண்டாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. அம்மா ஒருத்தியைத் தவிர வேறு யார் வீட்டில் மெழுகுவர்த்தியைப் பாதியாக வெட்டுவார்கள்?

நான் அன்று ஏற்றியது பாதி. டப்பாவில் இருந்த கடைசிப் பாதி அது. அது எவ்வளவு நேரம் எரியும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தால்தானே தெரியும். கரண்ட் போனது 6.05. அப்போதே ஏற்றினேன். அப்படியானால் அது 7.17க்கு அணைந்திருக்க வேண்டும். எதிர் வீட்டு டீச்சர் புகையைப் பார்த்துக் கத்தியது 8.20க்கு. ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி.

நம்பிக்கை வராமல் நானே ஒன்றைப் பாதியாக வெட்டி, அன்று வைத்த மாதிரியே எவர்சில்வர் தட்டில், மேசை நடுவில் வைத்து ஏற்றினேன். ஒரு மணி பத்து நிமிடம். கடைசியில் தன் மெழுகிலேயே மூழ்கித் தட்டோடு அணைந்தது. மேசையில் ஒரு கறைகூட இல்லை. இன்னொன்றும் இருக்கிறது அப்பா. தீயணைப்பு அறிக்கையில் தட்டு கிடந்தது ஜன்னல் பலகையில், திரைக்குப் பக்கத்தில் என்று எழுதியிருந்தது. நான் வைத்தது மேசையில். இத்தனை வருடம் என் நினைவைத்தான் சந்தேகப்பட்டேன்.

அம்மா எழுந்திருக்கிறாள். என்னுடையது அணையும்போது புதுப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு முழு மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, போய்ப் படுத்திருக்கிறாள். மாத்திரை மயக்கம். வேறு எப்படி இருக்க முடியும்?

நீங்கள் இதை முன்பே கண்டுபிடித்துவிட்டுத்தான் அந்தத் தாளை வைத்தீர்கள், இல்லையா? நேராக எழுதினால் என்ன? இருந்தாலும் நன்றி. இந்தச் சொல்லை உங்களுக்கு எழுதி எத்தனை வருடம் ஆகிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.


19 மார்ச் 2018, திங்கட்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

உன் கணக்கு சரி. நீ ஏற்றிய மெழுகுவர்த்தியால் அந்தத் தீ வரவில்லை. இதை என் கையெழுத்தோடு தருகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

மற்றதைப் பற்றி இப்போதைக்கு எதுவும் எழுத இயலவில்லை. நான்கு நாட்களாக இருமல். உன் அம்மா எழுந்தாளா இல்லையா என்பதை யாரிடமும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா


மார்ச் 29

அப்பாவுக்கு,

இருமல் குறைந்ததா? வெந்நீர் குடியுங்கள். பேச வேண்டாம் என்ற உங்கள் கடிதம் வருவதற்குள் நான் பேசிவிட்டேன்.

சித்தி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் கையை எடுக்காமலே நின்றாள். அட்டவணையை நீட்டி, வாசலில் நின்றபடியே கணக்கைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. "பாதின்னா எவ்வளவு நேரம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "பூச்சி, நான் பாவிடி. உள்ள வாடி" என்றாள். அம்மாவைத் தவிர என்னைப் பூச்சி என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அந்தப் பெயரும் தீயோடு தீயாகப் போனதாக நினைத்திருந்தேன்.

சாப்பாடு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகப் பேசிக்கொண்டே இருந்தாள். "அக்காவுக்கு எப்பவும் அப்படித்தான். ஜுரத்தோட எழுந்து வெளக்கேத்தணும்னு யார் அழுதா? படுத்தாப் படுத்த இடத்துல இருக்க மாட்டா. அவ அவசரம் அவளையே கொண்டுபோயிடுச்சு." சாயங்காலத்துக்குள் போனில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். நாலு பேரும் அதையே சொன்னார்களாம். அக்கா தானே தேடிக்கொண்டது என்று.

என் மேல் இருந்ததை இறக்கி அம்மா மேல் வைத்துவிட்டேனோ என்று இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான் என்றால் என்ன செய்வது? நீங்கள் சொல்லுங்கள். அதுதானே உண்மை?


9 ஏப்ரல் 2018, திங்கட்கிழமை
காலை 6.30

அன்புள்ள மகளுக்கு,

அது உண்மை அல்ல. உன் அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றியது நான்.

2006 நவம்பர் 9 அன்று எனக்குப் பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை வேலை. பெரிய மீட்டர் ஒன்றின் தொடர் சோதனை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் படித்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சோதனை ஓடும்போது மேசையை விட்டு எழக் கூடாது என்பது விதி. அந்த விதியை 1988இல் எழுதிக் கொடுத்தவனும் நானே. அன்று மாலை என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. எண்கள் தெரியவில்லை. 7.00 அளவை எப்படியோ படித்து எழுதிவிட்டு, 7.02க்கு சைக்கிளில் கிளம்பி, 7.10க்கு வீட்டுக்கு வந்தேன். மாற்றுக் கண்ணாடியை எடுத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். 7.20க்குப் புறப்பட்டு 7.28க்கு மேசையில் இருந்தேன். 7.15க்கான அளவு பதிவேட்டில் காலியாக இருந்தது. முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதிக் கையொப்பமிட்டேன். வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பொய் எண் அது.

மறுநாள் காலை 10.30க்குத் தீயணைப்பு அதிகாரி கேட்டார், மாலையில் எங்கே இருந்தீர்கள் என்று. சோதனை மேசையில் என்றேன். அவர் சோதனைக் கூடத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து என் தோளைத் தொட்டு, "இவ்வளவு ஒழுங்கான ரெஜிஸ்டரை நான் பாத்ததே இல்ல சார்" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். உன் அம்மா பிணவறையில் இருந்தாள். நான் அந்த எண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது என்னை நானே மதிக்க முடியவில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

அதற்குப் பிறகு சித்தி கேட்டாள். நான் சொன்ன வாக்கியத்தில் பொய் இல்லை. நீ ஏற்றினாய், வெளியே போனாய். அதற்குப் பின் வந்ததைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பொய்யைவிடப் பெரிதாக வளர்ந்தது. நீ உன்னை வெறுக்கத் தொடங்கியது எனக்குத் தெரியும். 2007 ஜூன் 10 அன்று உன் திருமணத்துக்கு நான் வராததற்கும் மாப்பிள்ளை மேல் இருந்த கோபம் காரணமல்ல. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அட்டவணையில் அந்த இரண்டாவது வரியை வைக்காமல் அனுப்பியிருக்கலாம். பாதி மெழுகுவர்த்தியை நம் வீட்டைத் தவிர யாரும் ஏற்றுவதில்லை. நீயே கண்டுபிடித்து என்னைக் கேட்டுவிட்டால் நான் சொல்ல வேண்டியிராது என்ற கோழைத்தனம். ஆனால் நீ உன் அம்மாவைக் கண்டுபிடித்தாய். அப்போதும் மூன்று வாரம் வாய் மூடியிருந்தேன். இறந்தவள் மேல் பழி இருந்தால் யாருக்கு வலிக்கும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அவள் அவசரக்காரி என்று நாலு பேர் சொல்வதாக நீ எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

இதே விவரத்தைத் தீயணைப்பு அலுவலகத்துக்கும், நான் வேலை பார்த்த கூடத்துக்கும் எழுதிவிட்டேன். நகல்கள் இத்துடன். சித்தியிடம் நேரில் சொல்லப் போகிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அப்பா


3 ஜூன் 2018, ஞாயிற்றுக்கிழமை
மாலை 4.10

அப்பாவுக்கு,

எட்டு வாரமாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். முதலில் எழுதியதை இவர் படித்துவிட்டு, "இதை அனுப்பினா அவர் செத்துப்போயிடுவார்" என்றார். "போகட்டும்" என்றேன். ஆனால் அனுப்பவில்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. இருபத்தைந்திலிருந்து நான் அம்மாவைக் கொன்றவள். குழந்தை வேண்டாம் என்று இவரிடம் சொன்னேன், என் கையை நம்பி ஒரு உயிரை விட முடியாது என்று. இவர் சரி என்று விட்டுவிட்டார். அந்த வருடங்களை நீங்கள் எந்த அளவையும் எந்த அளவையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதிக் கொடுப்பீர்கள்?

நான் உங்களை மன்னிக்கவில்லை. ஒருநாள் மன்னிப்பேனா என்றும் தெரியாது. நீங்கள் இங்கே வர வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தை எத்தனையோ முறை படித்தும் அது என் கண்ணில் படவில்லை. நேற்று வேலையில் கத்தியைக் கையில் பிடித்திருந்தபோது உறைத்தது. 7.10க்கு வந்தீர்கள். 7.20க்குப் போனீர்கள். கண்ணாடியை எடுக்கவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் இரண்டு நிமிடம் போதும். அம்மா விழித்திருந்தாளா? உங்களிடம் பேசினாளா? அவளைக் கடைசியாகப் பார்த்தது நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பொய்யோடு போனாள் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டும். நல்லதோ கெட்டதோ, ஒரு சொல் விடாமல். உங்கள் அபிப்பிராயம் எதுவும் வேண்டாம்.


8 ஜூன் 2018, வெள்ளிக்கிழமை
காலை 10.00

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் 6ஆம் தேதி கிடைத்தது. சித்தியிடம் ஏப்ரல் 29, ஞாயிறன்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து வந்துவிட்டேன். தீயணைப்பு அலுவலகம், பத்தாண்டு கடந்த கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று மே 17 தேதியிட்டுப் பதில் அனுப்பியிருக்கிறது. கூடத்திலிருந்து பதில் இல்லை.

நீ கேட்டது கீழே.

7.10. கதவைத் திறந்தேன். மேசைமேல் நீ ஏற்றிய மெழுகுவர்த்தி கட்டை விரல் நகத்தளவே மிச்சம் இருந்தது. உள்ளறையிலிருந்து "யாரது, பூச்சியா?" என்றாள். நான்தான் என்றேன். "மேசையை விட்டு எழுந்தா உங்க மீட்டர் அழாதா?" என்றாள். குரல் கரகரத்திருந்தாலும் கேலி குறையவில்லை. கண்ணாடி உடைந்ததைச் சொன்னேன்.

7.11. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, காலையைவிடக் குறைவு. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்தாள். நீ எங்கே என்று கேட்டேன். "சிநேகிதி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதற்குச் சிரிப்பு என்றேன்.

7.13. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய் சொன்னா மூக்கைத் தொட்டுக்குவா, சின்ன வயசுலேருந்து. இன்னிக்கும் தொட்டுக்கிட்டா. செப்டம்பர்ல நம்ம ஜன்னல் கண்ணாடி மாத்த வந்தான்ல ஒரு பையன், அவனைப் பாக்கத்தான் போயிருக்கா. அன்னிக்கு அவன் மூணு தடவை தண்ணி கேட்டான். தாகமெல்லாம் தண்ணிக்கு இல்லேன்னு எனக்குத் தெரியாதா?" எனக்குக் கோபம் வந்தது. தெரிந்தும் ஏன் விட்டாய் என்றேன். "நல்ல பையங்க. வேலை முடிஞ்சு தரையில சிந்தின கண்ணாடித் தூளை ஈரத்துணி வெச்சு அவனே தொடச்சான், நம்ம கால்ல குத்தக் கூடாதுன்னு. அது ஒண்ணு போதும் எனக்கு" என்றாள்.

7.15. நான் குரலை உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. எழுதத் தகுந்ததல்ல. ஆனால் ஒரு சொல் விடக் கூடாது என்று கேட்டிருக்கிறாய். "கண்ணாடி வெட்டறவனுக்குக் கொடுக்கவா படிக்க வெச்சேன்" என்றேன். அவள் கோபப்படவில்லை. "அவ வந்து தானா என்கிட்ட சொல்லட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன். இன்னும் நாலு நாள் பாப்பேன். சொல்லலைன்னா நானே கேட்டுடுவேன். அவ பயந்துக்கிட்டே இருக்கறதைப் பாக்க முடியல" என்றாள்.

7.17. முன்னறையில் நீ ஏற்றியது அணைந்தது. டப்பாவில் பாதி எதுவும் இல்லை. புதுப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு முழு மெழுகுவர்த்தியை அதே தட்டில் ஏற்றினேன். எங்கே வைக்க என்று கேட்டேன். ஜன்னலில் வைக்கச் சொன்னாள், நீ வரும்போது படி தெரியட்டும் என்று. திரைக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று நான் பார்த்திருக்க வேண்டும். 7.30 அளவுக்குள் போக வேண்டும் என்ற அவசரத்தில் பார்க்கவில்லை. அவள் இடத்தைத்தான் சொன்னாள். வைத்தது நான்.

7.19. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "அவ வந்ததும் ஆரம்பிச்சுடாதீங்க. ஒண்ணும் பேச வேண்டாம் நீங்க. அவ சொன்னா, சரின்னு தலையாட்டுங்க, போதும். செய்வீங்களா?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

நான் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. அது நிச்சயம். தலையாட்டினேனா என்பது நினைவில்லை. பதினொரு ஆண்டுகளாக யோசிக்கிறேன். மற்றதெல்லாம் நிமிடம் தவறாமல் இருக்கிறது, இது மட்டும் இல்லை. ஆட்டியிருந்தாலும், உள்ளறை இருட்டாக இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்காது.

7.20க்குக் கதவைச் சாத்தினேன்.

அப்பா